சிவனம்மாளின் மிஸ்டு கால்

பல்லைப் பிடுங்குவது பத்து நிமிட வேலை. பிடுங்கிக்கொண்டவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவதுதான் பெரிய வேலை. நான் இப்படிச் சொன்னால் எங்கள் டாக்டர் ஆனந்த்ராஜ் சிரிப்பார். அவருக்கென்ன, எடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். வாய் நிறையப் பஞ்சோடு, மரத்துப்போன உதட்டோடு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தன் ஊர் பஸ்ஸைத் தேடி ஏறி, கண்டக்டரிடம் ஊர்ப்பெயரைச் சொல்ல வாய் வராமல் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டி டிக்கெட் வாங்கி, ஒருவர் வீடு போய் இறங்குவது என்ன பாடு என்று வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் சகாயசெல்வி. கிளினிக்கில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். நர்ஸ் படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஆனாலும் வருகிற ஜனங்களுக்கு நான் நர்ஸம்மாதான். எனக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்னொன்று, எதிரே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் அவர் யார், எவர், ஏன் இப்படி இருக்கிறார் என்று முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் என் அண்ணி என்னை 'விசாரணைக் கமிஷன்' என்பாள்.

மிஸ்டு கால் ஏற்பாடு என்னுடையது. 2004இல் நத்தத்து வாத்தியார் ஒருவர் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் ஏறினார். மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டு, நத்தத்தில் இறங்க வேண்டியவர் கொட்டாம்பட்டியில் போய் இறங்கினார். மறுநாள் காலையில் அவர் மச்சினன் வந்து, "பல்லத்தானய்யா எடுக்கச் சொன்னோம், ஆளையே எடுத்துட்டீகளே" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு டாக்டரை நச்சரித்துக் கிளினிக்குக்கென்று ஒரு பழைய நோக்கியா போன் வாங்க வைத்தேன். துணைக்கு ஆள் இல்லாமல் பல் எடுப்பதில்லை என்று ஒரு சட்டம் போட்டேன். வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ரத்தம் நிற்காவிட்டால் அடுத்தடுத்து இரண்டு கொடுக்க வேண்டும், நாங்கள் உடனே கூப்பிடுவோம். நோட்டில் பெயருக்கு நேரே டிக் அடிப்பேன். மிஸ்டு கால் கொடுப்பதற்கு நம் ஜனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒருவர்கூட மறுத்ததில்லை.

சிவனம்மாள் வந்தது 2006 ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை. நாற்பத்தெட்டு வயது. ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊர். நூல் மில்லில் வேலை. வலது கன்னம் வீங்கி, கண் சுருங்கியிருந்தது. அந்த வலியிலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், என் ஜாதி.

"பல்லுக்கு எத்தன வேரு, நர்ஸம்மா?"

"கீழ்க் கடைவாய்க்கு ரெண்டு."

"எடுத்த குழி என்ன ஆகும்?"

"ரத்தம் அதுக்குள்ள உறைஞ்சு மூடி மாதிரி நிக்கும். அந்த மூடி கிளம்பிருச்சுன்னா எலும்பு வெளிய தெரியும். அந்த வலி எதிரிக்குக்கூட வரக் கூடாது. அதுனாலதான் இன்னைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு இளநி உறிஞ்சக் கூடாது."

"எச்சியத் துப்பாம?"

"முழுங்கணும்."

முகத்தைச் சுளித்தார். ரத்தமும் எச்சிலுமாய் முழுங்கச் சொன்னால் எல்லோரும் அப்படித்தான் சுளிப்பார்கள். பிறகு மிஸ்டு கால் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் கொடுத்தா நீங்க என்ன செய்வீக?"

"பேருக்கு நேரா டிக் போடுவேன்."

"கொடுக்காட்டி?"

"தேடுவோம்."

"தேடுவீகளா?"

"தேடாம என்னக்கா? ஆளக் காணோம்னா தேடித்தான ஆகணும்" என்றேன். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் சொன்ன பேச்சு அது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"துணைக்கு யாரு வந்துருக்கா?"

ஜன்னல் வழியாகக் கீழே கை காட்டினார். "அந்தா டீக்கடையில நிக்கிறாருல்ல, நீலக் கைலி. எங்க வீட்டுக்காரரு."

எட்டிப் பார்த்தேன். நீலக் கைலி கட்டிய ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சரி என்று உள்ளே அனுப்பினேன். பல் லேசில் வரவில்லை. டாக்டருக்கு அரை மணி நேரம் பிடித்தது. சிவனம்மாள் ஒரு சத்தம் போடவில்லை. பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளச் சொல்லி, முக்கால் மணி நேரம் எடுக்காதீர்கள், ராத்திரி தலையணையை உயர்த்திப் படுங்கள், ஆறின ரசம் சோறு, தயிர் சோறு மட்டும் சாப்பிடுங்கள், மாத்திரை இது காலை, இது ராத்திரி என்று ஒப்பித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு படி இறங்கினார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். எனக்குத்தான் பார்க்காமல் இருக்க முடியாதே. சிவனம்மாள் டீக்கடையைத் தாண்டி, அந்த நீலக் கைலிக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அந்த மனிதரும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எதிர்த் திசையில் போனார். எனக்கு வந்ததே கோபம்! அதுவரைக்கும் என் முகத்துக்கு நேராக இப்படிப் பொய் சொல்லிப் போனவர் யாருமில்லை. கத்திக் கூப்பிட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. பல் போனால் சொல் போச்சு என்பது அன்றைக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

அந்தியில் கிளினிக் போன் ஒரு தடவை அடித்து நின்றது. 0451 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பர். அவர் எழுதிக் கொடுத்திருந்த ஒரு ரூபாய் டப்பா போனின் நம்பர்தான். மணி ஆறே முக்கால். டிக் அடித்தேன். கோபம் பாதி இறங்கியது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு மறுபடியும் ஒரு மிஸ்டு கால், அதே நம்பர். சரி, ரெண்டாம் நாளும் சொல்லணும்னு நெனச்சிட்டாங்க போல என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளும் வந்தது. நான்காம் நாளும். ஏழாம் நாள் குழியைக் காட்ட வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. ஆனால் மிஸ்டு கால் மட்டும் வந்தது.

"பல்லக் காட்ட வராம மிஸ்டு கால் மட்டும் குடுக்குற பேஷண்ட்ட நான் இப்பத்தான் சார் பாக்குறேன்" என்று டாக்டரிடம் சொன்னேன்.

"வலி இருந்தா தானா வருவாங்க, செல்வி. விடு."

என்னால் விட முடியவில்லை. பத்தாம் நாள் அந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். பெருமாள்சாமி என்று ஒருவர் எடுத்தார். பெட்டிக்கடைக்காரர், டப்பா போன் அவர் கடையில்தான் தொங்குகிறது.

"சிவனம்மாவுங்களா? தெருக்கோடி வீடுங்க. மில்லு பஸ்ஸ விட்டு எறங்கி, நேரா இங்க வரும். காசப் போடும், நம்பர அமுக்கும், ஒரு ரிங்கு போனதும் வச்சுரும். காசு திரும்பி விழுகும், எடுத்துக்கிட்டுப் போயிரும். எங்கிட்டகூட ஒண்ணும் பேசாதுங்க."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. வீட்டுக்காரரு எறந்து ஆறேழு வருசமாச்சு. பிள்ளகுட்டி இல்ல."

இனிமேல் மிஸ்டு கால் தேவையில்லை, ஒருநாள் வந்து குழியைக் காட்டச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆறே முக்காலுக்கு மிஸ்டு கால் வந்தது. கொஞ்ச நேரத்தில் பெருமாள்சாமியே பேசினார். "வலி இல்லியாம். மில்லுல லீவு கெடைக்காதாம். உங்களுக்குத் தொந்தரவுன்னா சொல்லிருங்க, நிறுத்திக்கிறேங்குது" என்றார்.

தொந்தரவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழி மூடும் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை, குழி மூடும் வரைக்கும் மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். குழி முழுசாக மூட இரண்டு மாதம்கூட ஆகும். ஆகட்டும். நோட்டில் அவர் பெயருக்கு நேரே இடம் தீர்ந்துபோனதால் கடைசிப் பக்கத்தில் அவருக்கென்று தனியாகக் கோடு போட்டேன். ஆறே முக்கால் ஆனால் கண் தானாகப் போன் பக்கம் போகும்.

இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, மிஸ்டு கால் வரவில்லை.

ஏழு மணி, ஏழரை. டவர் இருக்கிறதா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். டாக்டர் கவனித்துவிட்டார்.

"குணமாயிருச்சு, நிறுத்திட்டாங்க. நல்லதுதான? நீதான வேண்டாம்னு சொல்லி அனுப்புன?"

நியாயமான பேச்சு. நானும் சமாதானம் ஆகிவிட்டேன். புதன்கிழமை காலையில் போன் போட்டுக் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரே கூட்டம், மறந்துவிட்டது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மறுபடியும் போன் சும்மா கிடந்தது. அப்போதுதான் பெருமாள்சாமிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாளாக் கடப்பக்கமே வரலீங்க. வீடு சாத்திக் கெடக்கு."

"செத்த எட்டிப் பாருங்களேண்ணே."

"கடைய விட்டுட்டு எங்கிட்டுப் போறதுங்க? எங்கிட்டாச்சும் சொந்தக்காரவுக வீட்டுக்குப் போயிருக்கும்."

சொந்தக்காரர்கள் இருக்கிறவர் நீலக் கைலியைக் காட்டி எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அன்று வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு நிலைகொள்ளவில்லை. எப்போதோ ஒருவருக்கு, பல் எடுத்த இடத்தில் சீழ் பிடித்து, கழுத்து வரைக்கும் வீங்கி, மூச்சு முட்டி, அவரை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நினைவுக்கு வந்தது. இருபது நாள் கழித்து அப்படி ஆகாது என்று டாக்டர் சொல்வார். ஆனால் ஏழாம் நாளே குழியைப் பார்த்திருக்க வேண்டும். வர வைக்காமல் விட்டது நான்தான்.

வியாழன் மதியம் டாக்டரிடம் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டு, கைப்பையில் டார்ச்சும் கொஞ்சம் பஞ்சும் போட்டுக்கொண்டு பழனி பஸ் ஏறினேன். அருள் நிறைந்த மரியே ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் சிவனம்மாளின் கழுத்து வந்து நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைக்காமல், அந்த வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பெருமாள்சாமி கடையிலிருந்து கை நீட்டிக் காட்டினார், தெருக்கோடியில் ஓட்டு வீடு.

கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. தட்டினேன். சத்தம் இல்லை.

"சிவனம்மாக்கா!"

இன்னும் பலமாகத் தட்டினேன். கதவிடுக்கில் மூக்கை வைத்தேன். எந்த வாடை வந்துவிடுமோ என்று பயந்து வைத்த மூக்கில், வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த வாசனை ஏறியது.

கதவு திறந்தது. சிவனம்மாள் நின்றார். குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார். கன்னம் வீங்கவில்லை. கழுத்து வீங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்துட்டீகளா" என்றார்.

"என்னக்கா ஆச்சு? ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் மிஸ்டு கால் கொடுக்கல?"

"தேடுவீகளான்னு பாத்தேன்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆரம்பித்தேன் பாருங்கள். நான் என்ன வேலைவெட்டி இல்லாதவளா, ஒருத்தியை இப்படிப் பரீட்சை வைத்துப் பார்க்க உங்களுக்கு என்ன உரிமை, வெயிலில் மண்டை பிளந்து வந்திருக்கிறேன், அங்கே டாக்டர் ஒற்றை ஆளாக நிற்கிறார், முதல் நாளே நீலக் கைலியைக் காட்டி என்னை ஏமாற்றியவர்தானே நீங்கள்! மூச்சு வாங்குகிற வரைக்கும் கத்தினேன். சிவனம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, முழுவதையும் கேட்டார்.

"அம்புட்டும் நெசந்தான்" என்றார். "தப்புத்தான், தாயி. ஆனா நான் வேற எப்பிடித் தெரிஞ்சுக்கிறது? அந்தா எதுத்த வீடு பூட்டிக் கெடக்குல்ல, அதுல ராசாத்தின்னு ஒருத்தி இருந்தா. என்னைய மாதிரி ஒத்தக்கட்ட. போன மாசியில செத்துப்போனா. மூணாம் நாளுதான் தெரிஞ்சது. அதுவும் வாடையடிச்சு. நான் தெனமும் அந்த வாசலத் தாண்டித்தான் மில்லுக்குப் போனேன், வந்தேன். ஒரு தடவ நின்னு கூப்புடல."

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"நீங்க தேடுவோம்னு சொன்னீக. எல்லாரும்தான் சொல்லுவாக. தெனமும் நான் ஒரு ரிங்கு விட்டுட்டு வாரேன். அந்தப் பக்கம் ஆளு இருக்கா, இல்ல போனு சும்மா அடிச்சுக் கெடக்கான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பாத்துக்கிறணும்ல. அதான் ரெண்டு நாளு மில்லுக்கு லீவு போட்டேன்."

குழியைக் காட்ட லீவு கிடைக்காதவருக்கு இதற்கு மட்டும் லீவு கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் நான் விட்டது அபூர்வம். அதற்குப் பதில், "வாயத் தொறங்க" என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். குழி நன்றாக ஆறியிருந்தது. இளஞ்சிவப்புத் தோல் மூடி, நடுவில் சின்னப் பள்ளம் மட்டும் மிச்சம்.

"அந்தப் பக்கம் மெல்லலாமா?" என்றார்.

"மெல்லலாம்."

"அப்ப எந்திரிங்க, சாப்புடலாம்."

உள்ளே இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தது. சோறு, முட்டைக் குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். பசி எனக்கு. கோபத்தோடு வந்த பசி, அள்ளிச் சாப்பிட்டேன். அவர் வலது பக்கமாகப் பயந்து பயந்து மென்று பார்த்தார்.

"நேத்துக் கோழி அடிச்சிருந்தேன்" என்றார் சாதாரணமாக. "செவ்வாக்கெழம ரிங்கு வரலேன்னதும், புதன்கெழம மத்தியானத்துக்குள்ள வந்துருவீகன்னு நெனச்சேன். பொழுது சாயுற வரைக்கும் பாத்தேன். அப்பறம் ராத்திரி கொழம்பத் தெருவுல பிள்ளைகளுக்கு ஊத்திட்டேன். இன்னைக்கு முட்டதான்."

வாயில் வைத்த சோறு அங்கேயே நின்றது. புதன்கிழமை காலையில் போன் போட நினைத்ததும், கூட்டத்தில் மறந்துபோனதும் நினைவுக்கு வந்தது. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் ஒருத்தி கோழிக் குழம்பு வைத்துவிட்டு, கதவைப் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அடுத்த தடவ அன்னைக்கே வந்துருவேன்க்கா" என்றேன். "நெசமா."

"வருவீக. தெரிஞ்சுபோச்சு." கையைக் கழுவிவிட்டு எழுந்தார். "ஆனா அடுத்த தடவ கதவத் தொறக்க நான் வர மாட்டேன்ல? இங்க வாங்க."

கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. அதன் வழியாகக் கையை விட்டு, இடது பக்கமாக மடக்கி, மேலே தேடினால் கொண்டி அகப்படும், அதைத் தூக்கிவிட்டால் போதும் என்று காட்டினார். பிறகு என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். உள்ளேயிருந்து கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

"ஒரு தடவ தொறந்து பாருங்க, தாயி. கை எட்டுதான்னு தெரியணும்ல."

வெயிலில் நின்று ஜன்னலுக்குள் கையை விட்டேன். முதல் தடவை எட்டவில்லை. உள்ளே சிவனம்மாள் உதவாமல், பேசாமல் நின்றுகொண்டிருந்தார். தோளைச் சுவரோடு அழுத்தி, குதிகாலைத் தூக்கி, இரும்பைத் தொட்டு, மேலே தள்ளினேன். கதவு திறந்தது.